காலி விடக் கூடாத இடம்

கடைசியாக அம்மாவும் அவனும் சேர்ந்து செய்த வேலை, சமையலறை சுவிட்சை மாற்றியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம். அழுத்தினால் உள்ளே போய் மாட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தது சுவிட்ச். அவன் மெயினை அணைத்துவிட்டு முக்காலியில் ஏறினான். அம்மா டார்ச் பிடித்தாள். பிடித்தாள் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. வெளிச்சம் சுவிட்ச் பெட்டியைத் தவிர எல்லா இடத்திலும் விழுந்தது. அலமாரி, அடுப்பு, அவன் காது.

"என் கைமேல பிடிம்மா. சுவத்துல இருக்கிற பல்லியை அப்புறம் பாக்கலாம்."

"அது நேத்து ஜோடியா இருந்துச்சு. இன்னைக்கு ஒண்ணைக் காணோம்."

கழற்றிய பழைய சுவிட்சை அவள் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். கத்தி முனையால் நெம்பித் திறந்து பார்த்துவிட்டு, இது எங்கள் சரக்கில்லை என்றாள். எங்கள் சரக்கு இப்படி மாட்டாது என்றும் சேர்த்துக்கொண்டாள், பிறந்த வீட்டுப் பெருமை பேசுகிற மாதிரி. அவன் சிரித்தான். மெயினைப் போட்டான். விளக்கு எரிந்தது. டீ குடித்தார்கள்.

மறுநாள் காலை மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது அம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அவன் லிப்ட் கம்பெனியில் பராமரிப்புப் பொறியாளர் என்று தெரிந்ததும், டாக்டர் அவனுக்குப் புரியட்டும் என்று, இதயத்துக்குப் போகிற மின்சாரம் தடைப்பட்ட மாதிரி என்றார். அவன் தலையாட்டினான். தடைப்பட்டால் எங்கே என்று தேடுவதுதான் அவன் தொழில். தேடி என்ன செய்ய?

அன்று சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்தது. வந்தவர்கள் போனார்கள். போகிறவர்கள் எல்லோரும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். பாவம், எத்தனை வருஷம் அந்தப் பட்டறையில் கிடந்து தேய்ந்தாள், என்ன தலையெழுத்து, அந்தக் கூலி எந்த மூலைக்குக் காணும் என்றார்கள். கடைசியாக ஒரு கேள்வி. நீதான் கை நிறையச் சம்பாதிக்கிறாயே, பிறகும் ஏன் போனாள்?

அப்பா மூலை நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் காலை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

*

பட்டறை தெருக்கோடியில் இருந்தது. தகரக் கூரை, நீளமான ஒரே அறை. நடுவில் ஒரு பெஞ்சு. பெஞ்சின் இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து சுவிட்ச் கோத்தார்கள். ஒருத்தி பிளாஸ்டிக் அடிப்பகுதியை எடுத்து வைப்பாள். அடுத்தவள் பித்தளைத் தகட்டைப் பொருத்துவாள். அதற்கடுத்தவள் ஸ்பிரிங். பிறகு விரலால் அழுத்துகிற மேல்துண்டு, திருகாணி, கடைசியில் ஒருத்தி ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துப் பெட்டியில் அடுக்குவாள். நிரப்புகிற தட்டுக் கணக்கில் கூலி. அறையின் இன்னொரு கோடியில் அச்சு மெஷின். அதிலிருந்து சூடாக விழுகிற பிளாஸ்டிக் துண்டுகளின் ஓரப் பிசிறைக் கத்தியால் சுரண்ட ஒரு இடம் உண்டு. அங்கே காற்று வராது. நாற்றம் மட்டும் வரும். கூலியும் அங்கேதான் எல்லாவற்றிலும் குறைவு.

ஸ்பிரிங் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதால் அந்த இடத்தை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். அம்மா வேலை கேட்டுப் போன அன்று அந்த இடம்தான் காலியாக இருந்தது. உட்கார்ந்தாள். ஜன்னல் வழியே பார்த்தால் தெருவும், தெருவில் மூன்றாவதாக அவர்கள் வீட்டு வாசலும் தெரிந்தன. அன்றிலிருந்து பட்டறையில் அவள் பெயர் "ஜன்னல்".

அவன் அப்போது இரண்டாம் வகுப்பு. ஊருக்கு வெளியே பெரிய தையல் கம்பெனியில் கூலி அதிகம் கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் பஸ் விடிவதற்குள் வந்து அள்ளிக்கொண்டு போய் இருட்டிய பிறகு கொண்டுவந்து கொட்டும். பட்டறையில் உட்கார்ந்தால் பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டைத் திறப்பது தெரியும். திறக்கத் தெரியாமல் கதவை உதைப்பதும் தெரியும். மத்தியானம் ஒரு ஓட்டம் ஓடி வந்து உலை வைத்துவிட்டுப் போகலாம். மாமியாருக்கு மருந்து கொடுத்துவிட்டுப் போகலாம். அந்த வசதிக்கு விலை, கூலியில் பாதி. தெருவில் இருந்த கல்யாணமான பெண்கள் பாதிப் பேர் அந்த விலையைக் கொடுத்துத்தான் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பா டிரைவர். நல்ல டிரைவர் என்று அவரிடம் வேலை வாங்கிய எல்லா முதலாளிகளும் சொன்னார்கள். எல்லா முதலாளிகளும் என்றால் நிறையப் பேர். அவருக்குக் கோபம் மூக்குமேல். ஒரு சொல் பொறுக்க மாட்டார். வண்டிச் சாவியை முதலாளியின் மேஜையில் எறிந்துவிட்டு, சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி நடந்து வீட்டுக்கு வருவார். பிறகு அடுத்த சாவி கிடைக்கும்வரை வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். சில சமயம் பேப்பர் பழுப்பாகிவிடும்.

வெளியாட்கள் கேட்டால் அவர் சொல்கிற பதில் ஒன்று உண்டு. "என் சம்பாத்தியமே போதும். அவளுக்குத்தான் வீட்ல பொழுது போகல." அம்மா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். ஆமாம், பொழுதே போக மாட்டேங்குது என்று அவளும் ஒத்துப் பாடுவாள். அப்படிச் சொல்லும்போது ஒரு கையில் துணி வாளியும் இன்னொரு கையில் கரண்டியும் இருக்கும்.

*

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. இடம் காலியாகக் கூடாது. நடுவில் ஒருத்தி வராவிட்டால் அடுத்தவள் கை சும்மா இருக்கும், பெஞ்சே நின்றுவிடும். அதனால் வர முடியாதவள் தன் ஆளை வைத்துவிட்டுப் போக வேண்டும். தங்கையோ நாத்தனாரோ மகளோ வந்து அவள் இடத்தில் உட்கார்ந்து, அவள் பெயரில் தட்டுக் கணக்கு ஏற்றி, திரும்பி வந்ததும் எழுந்துகொள்வாள். இதற்கு "ஆள் வைக்கிறது" என்று பெயர். ஆள் வைக்காமல் போனால் வாசலில் வேலை கேட்டு நிற்கிற முதல் பெண் உள்ளே வந்து உட்காருவாள். உட்கார்ந்தவளை யாராலும் எழுப்ப முடியாது. மேற்பார்வை பார்க்கிறவராலும் முடியாது. அவருக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து. பேசினால் சீட்டி அடிக்கும். "விசில்" என்று பெயர்.

சொந்த ஆளைத்தான் வைப்பார்கள். அக்கம் பக்கத்துப் பெண்ணை வைத்துவிட்டுப் பிரசவத்துக்குப் போன ஒருத்தி, பிள்ளையோடு திரும்பி வந்து பார்த்தபோது, "அக்கா நீங்க பிள்ளையைப் பாருங்க, நான் இதைப் பாத்துக்கறேன்" என்று பதில் கிடைத்த கதை பெஞ்சில் எல்லோருக்கும் பாடம்.

அவன் பள்ளி இறுதிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த சமயம் அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஒன்றரை மாதம் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். மாமியார் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவின் தங்கை தூரத்தில், கைக்குழந்தையோடு. அத்தையைக் கேட்டதற்கு, அண்ணி வேலைக்குப் போவதே தனக்குத் தலைகுனிவு, இதில் தானும் போய் உட்கார வேண்டுமா என்று சொல்லியனுப்பினாள். மிச்சம் இருந்தது அப்பா. அவர் அப்போதுதான் ஒரு சாவியை எறிந்துவிட்டு வந்திருந்தார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அம்மா கேட்டாள். அவன் கட்டிலின் கால்மாட்டில் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"நீங்க போய் என் இடத்துல உக்காருங்க."

"பொம்பளைங்க நடுவுலயா? உனக்கு மயக்கம் இன்னும் தெளியல."

"தெளிஞ்சுதான் கேக்கறேன். ஸ்பிரிங்குக்கு ஆம்பளை பொம்பளை எல்லாம் தெரியாது."

"தெருவுக்குத் தெரியும்டி."

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தாள். தையல் இழுத்தது. திரும்ப முடியாமல் பாதியில் நின்றாள். அப்பா கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே நிற்கிற வண்டிகளைப் பார்த்தார். பிறகு, எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று கேட்டார்.

*

அவர் போன முதல் நாளைப் பற்றிப் பெஞ்சுப் பெண்கள் பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பெஞ்சில் மூத்தவள், பாடிக்கொண்டே சுவிட்சைத் தட்டிப் பார்க்கிற பாட்டுக்காரி, அவர் வந்து உட்கார்ந்ததும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தாளாம்: "பாத்துக்கங்கடி, ஜன்னலுக்கு மீசை முளைச்சிருக்கு."

அவர் விரல் ஸ்டியரிங்குக்குப் பழகிய விரல். ஸ்பிரிங்கை எடுத்தால் நழுவும், அழுத்தினால் பறக்கும். ஒன்று பறந்து போய்ப் பாட்டுக்காரியின் கொண்டையில் செருகிக்கொண்டது. ஒன்று அவர் மீசையிலேயே தொங்கியது. "அண்ணே, அக்கா வீட்டுக்கு வந்ததும் கணக்குக் கேப்பாங்க, மீசையை உதறிட்டுப் போங்க" என்றார்கள். அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் ஆச்சரியம். வீட்டுக்கு வந்து அவனிடம் தானே அதைச் சொன்னார். சொல்லிவிட்டு வெகுநேரம் தன் விரல் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் பெஞ்சு நின்று நின்று போயிற்று. அவருக்கு அடுத்து மேல்துண்டு பொருத்துகிறவள் கொட்டாவி விட்டாள். விசில் இரண்டு பக்கமும் நடந்தார். அந்த வாரக் கடைசியில் சரக்கு வண்டி டிரைவர் வரவில்லை. கடைக்குப் பெட்டிகள் போயாக வேண்டும். விசில் சாவியை நீட்டினார்: "அண்ணே, ஒரு நடை போயிட்டு வந்துடுங்களேன்."

ஒரு சாவி. கை தானாக நீண்டிருக்கும். அவர் ஒரு நடை போனார். மறுநாள் இரண்டு நடை. அதற்கு மறுநாள் விசில், வண்டி உங்களுக்கே என்று சொல்லிவிட்டார். டிரைவர் கூலி பெஞ்சுக் கூலியைவிட எவ்வளவோ மேலே.

ஒரு பை நிறையப் பழத்தோடு அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தார். காலர் விறைப்பாக இருந்தது. உட்காராமலே சொன்னார், தனக்கு அங்கேயே வேலை கிடைத்துவிட்டது, வீட்டு வாசலிலேயே வேலை, இனிமேல் ஒரு கவலையும் இல்லை என்று. அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். பழப்பையைப் பார்க்கவில்லை.

"என் இடத்துல யாரு இருக்கா?"

அப்பா யோசித்தார். அவர் அதைக் கவனித்திருக்கவில்லை. "யாராவது இருப்பாங்க" என்றார்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறாள் என்று அவர் நினைத்தார். கால்மாட்டில் இருந்தவனுக்குப் போர்வைக்குள் அவள் பாதம் ஆடிக்கொண்டே இருப்பது தெரிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பாதம் நிற்கவில்லை. படு என்றால் உட்காருவாள், உட்கார் என்றால் வாசலுக்குப் போவாள். வாசலிலிருந்து பட்டறை ஜன்னல் தெரியும். உள்ளே யார் என்று தெரியாது, வெறும் தலை தெரியும். அந்தத் தலை நிமிர்வதே இல்லை. டாக்டர் சொன்ன கெடு முடிவதற்கு வெகு நாள் முன்பே ஒரு காலை அம்மா வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனாள்.

ஜன்னலோரம் ஒரு புதுப் பெண் இருந்தாள். அம்மா வந்து நின்றதும் யாரும் சொல்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது. கையில் இருந்த ஸ்பிரிங்கைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள். "உங்க இடமா அக்கா? எந்திரிச்சுக்கறேன்."

பெஞ்சே பார்த்துக்கொண்டிருந்தது. பாட்டுக்காரி குறுக்கே வந்து விஷயத்தை நாலு வார்த்தையில் சொன்னாள். புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவன். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. பிள்ளை இல்லை, பிறந்த வீடும் இல்லை. இந்த வாசலில் நின்று நின்று கால் வீங்கிய பிறகு கிடைத்த இடம் இது.

"உக்காரு" என்றாள் அம்மா. "எந்திரிச்சா எங்க போவே?"

அம்மாவுக்கு மட்டும் வேறு இடம் இருந்ததா என்ன? அச்சு மெஷின் பக்கத்துப் பிசிறு சுரண்டுகிற இடம்தான் காலி. அங்கே யாரும் நிலைக்க மாட்டார்கள். அம்மா கத்தியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். தையல் போட்ட வயிற்றோடு, சூட்டில்.

அன்று மாலை அப்பாவுக்கு வந்த கோபம் எந்த முதலாளி மேலும் வராத கோபம். நான் வண்டி ஓட்டுகிற பட்டறையிலேயே என் பெண்டாட்டி பிசிறு சுரண்டுவதா, ஊர் என்ன சொல்லும் என்று கத்தினார். நான்தான் இப்போது இவ்வளவு வாங்குகிறேனே, நீ ஏன் போக வேண்டும் என்று கேட்டார். அம்மா கையில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். விரல் நுனிகளெல்லாம் சிவந்திருந்தன.

"நீங்க எப்ப சாவியை எறிவீங்கன்னு பாத்துக்கிட்டு என்னால வீட்ல உக்கார முடியாது."

குரலை உயர்த்தவில்லை. குழம்பில் உப்புக் குறைவு என்கிற மாதிரிதான் சொன்னாள். அப்பா அதற்குப் பிறகு கத்தவில்லை.

வண்டியைக் கழுவவில்லை என்று விசில் எல்லோர் முன்னாலும் கேட்ட ஒரு நாளில் அவர் சாவியை எறிந்தார். அம்மா பிசிறு சுரண்டும் இடத்திலிருந்து அதைப் பார்த்தாள். சாவி மேஜையில் பட்டுக் கீழே விழுந்தது. அவள் அடுத்த துண்டை எடுத்தாள்.

*

ஜன்னலில் இருந்தவளுக்குப் "புதுசு" என்று பெயர் விழுந்தது. அவளுக்குப் பின் எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள், அவள் தலையில் நரை விழுந்தது. ஆனாலும் அவள் புதுசுதான். அம்மா ஜன்னலை விட்டு எத்தனையோ தூரத்தில் இருந்தாலும் கடைசிவரை ஜன்னல்தான்.

அம்மா இருந்த மூலையிலிருந்து தெரு தெரியாது. அதனால் புதுசு பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். மெஷின் சத்தத்துக்கு மேல் பெஞ்சு நீளத்துக்கும் குரல் போகும். அக்கா, தம்பி வந்தாச்சு. அக்கா, தம்பி கதவைத் திறக்காம எவன் கூடவோ கதை பேசுது. அக்கா, உங்க வீட்டுக்காரர் இந்நேரத்துக்கு வாசல்ல பேப்பர் படிக்கிறாரு. கடைசியாகச் சொன்ன சேதி வந்தால் அம்மா அன்று சீக்கிரம் கிளம்ப மாட்டாள், இன்னும் ஒரு தட்டு சேர்த்துச் சுரண்டுவாள்.

பெஞ்சில் ஏதாவது ஒரு இடம் காலியாகிறபோது விசில் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார். அவள் போகவில்லை. இங்கே உட்கார ஆள் கிடைக்காது, அதனால் இந்த இடத்தை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றாள். அதில் அவளுக்கு ஒரு நிம்மதி. ஆள் வைக்காமலே போய்விட்டு வரலாம்.

அவன் படித்து முடித்து லிப்ட் கம்பெனியில் சேர்ந்தான். முதல் சம்பளம் வந்ததும், நாளையிலிருந்து போகாதே என்று அம்மாவிடம் சொன்னான். சரி என்றாள். மறுநாள் போனாள். கேட்டதற்கு, இன்று ஒரு நாள் பாதியில் நிற்கிற சரக்கை முடித்துக் கொடுத்துவிடுகிறேன் என்றாள். அந்தப் பாதிச் சரக்கு வருஷக்கணக்காக முடியவில்லை. அவன் கணக்குப் போட்டுக் காட்டினான். விரலுக்கு வாங்குகிற களிம்பும், முதுகுக்கு வாங்குகிற மாத்திரையும் கூலியைத் தின்றுவிடுகின்றன என்று நிரூபித்தான். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "கணக்கு சரியாத்தான் இருக்கு" என்று சொல்லி, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

லிப்டில் ஒரு பிரேக் உண்டு. கயிறு அறுந்தால் மட்டும் பிடிக்கும். கயிறு அறுவதே இல்லை. ஆனாலும் அவன் மாதா மாதம் குழிக்குள் இறங்கி அதைச் சோதிக்கிறான், எண்ணெய் போடுகிறான், கையெழுத்துப் போடுகிறான். அதற்கு ஆகிற செலவு வீண் என்று எந்தக் கட்டடக்காரரும் சொன்னதில்லை. இது ஒரு நாள் குழிக்குள் நின்றுகொண்டிருந்தபோது அவனுக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு அவன் அம்மாவிடம் கணக்குப் போட்டுக் காட்டவில்லை.

ஆனால் அதுவும் முழு விடை இல்லை. விரல் மரத்துப்போய், கத்தி சதையில் இறங்குவதே தெரியாத நிலை வந்தபோது அம்மா தானே நின்றுகொண்டாள். நின்ற பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்தாள். துவைத்த துணியைத் துவைத்தாள். டி.வி. முன்னால் உட்கார்ந்தால் காதை மட்டும் தெருப்பக்கம் வைத்திருப்பாள். அவனும் அப்பாவும் அவளை அம்மா என்றும் இந்தா என்றும் கூப்பிட்டார்கள். வாசல் வழியே போகிற பெஞ்சுப் பெண் யாராவது "என்ன ஜன்னல், சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் மட்டும் முகம் வேறு மாதிரி ஆகும். ஓடி வந்து கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, டீ ஆறுகிறவரைக்கும் பேசுவாள். ஸ்பிரிங் இப்போது எங்கிருந்து வருகிறது, விசில் பல் கட்டிக்கொண்டது உண்மையா, புதுசு புருஷனுக்குப் புண் ஆறியதா.

அவனுக்கு அதெல்லாம் அப்போது வெறும் பேச்சாகத்தான் தெரிந்தது.

*

சனிக்கிழமை சாயங்காலம் பெஞ்சுப் பெண்கள் மொத்தமாக வந்திருந்தார்கள். பாட்டுக்காரி அம்மாவின் மரத்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நேராக்கினாள். விசில் புதுப் பல்லோடு வந்து, பேசத் தெரியாமல் நின்றுவிட்டுப் போனார். புதுசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. அது அவனுக்கு உறுத்தியது. பதினான்கு வருஷம் அம்மாவுக்குக் கண்ணாக இருந்தவள், பத்து வீடு தள்ளி இருந்துகொண்டு எட்டிப் பார்க்கவில்லை. யாரிடமும் கேட்கவும் அவனுக்கு மனமில்லை.

திங்கள் காலை பட்டறை மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் அலமாரியில் அம்மாவின் போன் அடித்தது. புதுசு.

"அக்கா, உக்காந்துட்டீங்களா?" குரல் நூலாக இருந்தது. "கல்லை எடுத்துட்டாங்க. நேத்து சாயங்காலம். இப்பதான் போனைக் கையில குடுத்தாங்க. தட்டுல துணி விரிச்சு வச்சிருக்கேன் பாருங்க, ஸ்பிரிங் ஓடாது. உங்களுக்கு விரல் பிடிக்கலேன்னா மெதுவாவே போடுங்க. விசில்கிட்ட என் ஆள் வரும்னு மட்டும்தான் சொல்லியிருக்கேன், யாருன்னு சொல்லல. உங்களைப் பாத்ததும் என்ன சொன்னாரு?"

அவன் வாயைத் திறந்தான். பித்தப்பையில் கல் என்றும், புதுசு வெள்ளிக்கிழமை ராத்திரி ஆஸ்பத்திரியில் சேரப் போகிறாள் என்றும் அம்மா எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. அவளுக்கு வைக்க ஆளில்லை என்பதை அவன் யோசித்ததில்லை. படுக்கையில் கிடக்கிற புருஷனைத் தவிர அவளுக்கு யார்? அம்மாதான் சொந்த ஆள். ஆப்பரேஷனுக்கு முன்னால் புதுசிடம் சாவைச் சொல்லக் கூடாது என்று பெஞ்சு முடிவு செய்திருக்கிறது. சாவு வீட்டில் நின்றுகொண்டு இடத்தைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வரவில்லை.

"அக்கா?"

"நான் பையன் பேசறேன்."

"தம்பியா? போனை வீட்லயே வச்சுட்டுப் போயிட்டாங்களா? எப்பவும் அப்படித்தான் அவங்க." அவள் சிரிக்கப் பார்த்தாள். வலித்திருக்க வேண்டும், நிறுத்திக்கொண்டாள். "போயிட்டாங்கல்ல?"

"ம்" என்றான்.

"சரி தம்பி. அப்ப நான் கொஞ்சம் தூங்கறேன்."

போனை வைத்தபோது அப்பா நாற்காலியிலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் என்று கேட்டார். அவன் சொன்னான். இரண்டு நாள் லீவு முடிந்து, ஸ்பிரிங் இடத்தில் திங்கட்கிழமையிலிருந்து அம்மா உட்காருவதாக இருந்தது என்றான். அப்பா காலை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"என்னைப் பாக்காதே" என்றார். "என்னை ஒரு தடவை அனுப்பிப் பாத்தாச்சு."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான். வேகமாகப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்பது போல நடந்தான். போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. விசிலிடம் நாளைவரை தவணை கேட்கலாம். நாளைக்கு யார்? அத்தையை நினைத்தான், விட்டான். தனக்கு இன்னும் சில நாள் லீவு இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. தன் விரல்களைப் பார்த்தான்.

பட்டறை வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் துணிப்பை, பைக்குள் சாப்பாட்டு டப்பா. ரொம்ப நேரமாக நிற்கிறவள் என்பது ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்ற விதத்திலேயே தெரிந்தது. அவன் சட்டையையும் வந்த வேகத்தையும் பார்த்து உள்ளே பெரிய ஆள் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. அவசரமாக முந்தானையைச் சரி செய்துகொண்டாள்.

"சார், உள்ள ஒரு இடம் காலியா இருக்குன்னு சொன்னாங்க. நிஜமாங்களா?"

அவள் தோளுக்கு மேலே அறை முழுவதும் தெரிந்தது. விசில் பெஞ்சைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். ஜன்னலோரம் தட்டில் துணி விரித்தபடி இருந்தது, அதன் மேல் ஸ்பிரிங்குகள். பக்கத்தில் மேல்துண்டு பொருத்துகிறவள், அடுத்தது வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.